காடு, மரம், மண், தண்ணி வேலை பாக்குறவங்களுக்கு எந்தச் சங்கம்? குமரி மாவட்டத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் குலசேகரம் பக்கத்துக்காரன். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரில பாரஸ்ட்ரி படிச்சேன், அதுக்கப்புறம் மரம் அளக்குறது, நாத்துப் பண்ணை, வேளாண் காடு வளர்ப்புன்னு இதே வேலைதான் பாத்துட்டு இருக்கேன். வீட்ல அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம் உண்டு. அதனால ஒரு பக்கம் படிக்கிற பிள்ளைங்க "அண்ணே, எந்த சொசைட்டில மெம்பர் ஆகணும்"னு கேப்பாங்க, இன்னொரு பக்கம் விளை வச்சிருக்கவங்க "சங்கத்துல சேந்தா நமக்கு என்ன கெடைக்கும்"னு கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா போன்ல சொல்லிச் சொல்லி ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணிச்சு. நம்ம மாவட்டம் சின்னதுதான், ஆனா அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காடு, அந்தக் காட்டுக்குக் கீழ ரப்பர், அதுக்குக் கீழ தென்னை, வாழை, அதுக்குக் கீழ குளம், உப்பளம், கடல். இந்த வேலையில இல்லாத குடும்பம் நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி.

இந்தத் துறையில "சங்கம்"னா எது எதைச் சொல்றாங்க?

ஒரே வார்த்தைய நாலஞ்சு விஷயத்துக்குப் போடுறதாலதான் பாதிக் குழப்பம். படிச்சவங்க, ஆராய்ச்சி பண்றவங்க சேர்ந்து நடத்துற அறிவியல் சங்கம் ஒண்ணு. அது பத்திரிகை போடும், மாநாடு வைக்கும், தப்பு இருந்தா சுட்டிக்காட்டும். சம்பளம், டிரான்ஸ்பர், பதவி உயர்வுன்னு பேசுற ஊழியர் சங்கம் வேற. ரப்பர், தேன்னு விளையுறத சேத்து விக்கிற உற்பத்தியாளர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் வேற. சட்டமே போடச் சொல்ற குழுக்கள் இருக்கு, வன உரிமைக் குழு மாதிரி, அது சங்கமே கிடையாது ஆனா சங்கம் பாக்குற வேலைய பாக்கும். உங்களுக்கு எது வேணும்னு தெரியாம "சங்கத்துல சேரணும்"னு போனீங்கன்னா சந்தா கட்டிட்டு வெறுங்கையோட வருவீங்க.

பி.எஸ்சி. பாரஸ்ட்ரி முடிச்சிருக்கேன். மெம்பர்ஷிப் இருந்தாத்தான் வேலை கெடைக்குமா?

இல்ல. இந்தியாவுல வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு, டாக்டருக்கு மெடிக்கல் கமிஷன், மாட்டு டாக்டருக்கு வெட்டினரி கவுன்சில், அங்க பேர் பதியாம தொழில் பண்ண முடியாது. பாரஸ்ட்ரிக்கு அப்படி ஒரு சட்டமும் இல்ல கவுன்சிலும் இல்ல. ரேஞ்சர் ஆகணுமா, டி.என்.பி.எஸ்.சி. எழுதணும். உதவி வனப் பாதுகாவலருக்கும் அதே டி.என்.பி.எஸ்.சி.தான். ஐ.எப்.எஸ்., அதாவது இந்திய வனப் பணிக்குப் போகணும்னா யு.பி.எஸ்.சி. இந்தத் தேர்வுல எதுலயும் "நீ எந்தச் சங்கத்துல மெம்பர்"னு ஒரு மார்க் கூட கெடையாது.

அப்ப எதுக்குச் சேரணும்னு அடுத்த கேள்வி வரும், அதுக்குக் கீழ பதில் இருக்கு.

வெளிநாட்டுல எப்படி?

அங்க கதை வேற. அமெரிக்காவுல 1900 நவம்பர் 30ஆம் தேதி கிஃபோர்ட் பின்சோட்னு ஒருத்தரும் அவரோட சேர்ந்த ஆறு பேரும், ஆக மொத்தம் ஏழே பேர், சொசைட்டி ஆஃப் அமெரிக்கன் ஃபாரஸ்டர்ஸ் அப்படின்னு ஒரு சங்கம் தொடங்குனாங்க. இன்னைக்கு எந்தக் கல்லூரியோட பாரஸ்ட்ரி டிகிரி தரமானதுன்னு சான்று குடுக்குறது அந்தச் சங்கம்தான். 'சர்டிஃபைடு ஃபாரஸ்டர்'னு ஒரு தகுதியும் வச்சிருக்காங்க. டிகிரி, அஞ்சு வருஷ அனுபவம், அதுக்கு மேல ஒரு பரீட்சை, பாஸ் ஆனாலும் முடிஞ்சுராது, மூணு வருஷத்துக்கு ஒருக்கா இத்தன மணி நேரம் புதுசா படிச்சேன்னு காட்டணும். கலிஃபோர்னியாவுல பதிவு பெற்ற ஃபாரஸ்டர்னு மாநில அரசே லைசென்ஸ் குடுக்குது, கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவுலயும் சட்டப்படி பதிவு இருக்கு. இங்கிலாந்துல இன்ஸ்டிடியூட் ஆஃப் சார்ட்டர்டு ஃபாரஸ்டர்ஸ், 1982ல அரசி பட்டயம் குடுத்தது, ஆடிட்டருக்கு சார்ட்டர்டுன்னு போடுற மாதிரி அங்க மரத்துக்காரருக்கும் போடுவாங்க.

நம்ம நாட்டுலயும் இப்படி ஒண்ணு வரணும்ங்கிறது என்னோட ஆசை. ஒரு கட்டடத்துக்கு இஞ்சினியர் கையெழுத்து கேக்குறோம், நூறு வருஷ மரத்துக்கு யார் கையெழுத்தும் கேக்க மாட்டேங்கிறோம்.

அப்ப இந்தியாவுல இந்தத் தொழிலுக்குப் பழைய பாரம்பரியமே இல்லையா?

நிறைய இருக்கு. 1864லயே நாடு முழுக்க வனத்துறைக்குத் தலைவரா பிராண்டிஸ்னு ஒருத்தர் வந்தாச்சு. 1875ல 'இந்தியன் ஃபாரஸ்டர்' பத்திரிகை தொடங்குனாங்க, இன்னைக்கு வரைக்கும் டேராடூன்ல இருந்து வந்துட்டு இருக்கு. 1878ல டேராடூன்ல வனப் பள்ளி, 1906ல வன ஆராய்ச்சி நிறுவனம், 1912ல நம்ம கோயம்புத்தூர்ல மெட்ராஸ் வனக் கல்லூரி. இங்க பத்திரிகை, பள்ளிக்கூடம், துறை எல்லாமே அரசாங்கம் தொடங்குனது, தொழில் பாக்குறவங்களே கூடித் தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கிட்ட சங்கம்தான் பெருசா வளரல.

சரி, வேலைக்கு உதவாதுன்னா எதுக்குச் சேரணும்?

எனக்கு நடந்தத சொல்றேன். படிச்சு முடிச்ச புதுசுல கீரிப்பாறைக்குப் போற வழியில ஒரு தனியார் தோட்டத்துல தேக்கு மரம் அளக்குற வேலை. சரிவான இடம். மரத்தோட சுத்தளவ மார்பு உயரத்துல எடுக்கணும், அதாவது தரையில இருந்து 1.37 மீட்டர், பழைய கணக்குல நாலரை அடி. நான் வசதியா இருக்குன்னு பள்ளத்துப் பக்கம் நின்னுட்டு அங்க இருந்து நாலரை அடி வச்சு டேப்ப சுத்திட்டேன். எல்லா மரத்துக்கும் அப்படியே. கணக்கு போட்டேன், மர அளவு நல்லா வந்துச்சு, சந்தோஷமா ரிப்போர்ட் எழுதிட்டேன்.

அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சங்கத்தோட ஒருநாள் கூட்டத்துக்குப் போனேன். சாயா இடைவேளையில பக்கத்துல இருந்த ரிட்டயர்டு ரேஞ்சர் ஒருத்தர் "மக்கா, சரிவுல எங்க நின்னு அளந்த"ன்னு கேட்டார். சொன்னேன். அவர் ஒண்ணும் பேசாம எந்திரிச்சு மண்டபத்துக்கு வெளிய கூட்டிட்டுப் போனார். அங்க ஒரு மேட்டுல பிலாமரம் நின்னுச்சு. கயித்தால பள்ளத்துப் பக்கம் இருந்து நாலரை அடி வச்சு சுத்திக் காட்டினார், அப்புறம் மேட்டுப் பக்கம் இருந்து நாலரை அடி வச்சு சுத்தினார். ரெண்டு கயிறுக்கும் நடுவுல ஒரு சாண் வித்தியாசம். கீழ சுத்துனது தடிமனான இடம், மேல சுத்துனது மெலிஞ்ச இடம். சரிவுல எப்பவும் மேட்டுப் பக்கம் நின்னுதான் அளக்கணும். கன அளவு சுத்தளவோட வர்க்கத்துக்குப் போகும், அதனால சுத்தளவுல நூத்துக்கு அஞ்சு கூடுனா கன அளவுல நூத்துக்குப் பத்து கூடிரும். நான் அத்தன மரத்துக்கும் கூட்டி எழுதியிருந்தேன். மறுநாளே போய் திரும்ப அளந்து ரிப்போர்ட்ட மாத்திக் குடுத்தேன்.

அந்த நாலரை அடி என் பாடப்புத்தகத்துலயும் இருந்துச்சு, சரிவுல எங்க நிக்கணும்னும் இருந்துச்சு. படிச்சது மறந்துபோச்சு, அந்தக் கயிறு மறக்கல. உங்க வேலைய பாத்து "இது தப்பு"ன்னு சொல்ற ஆளுங்க இருக்கிற இடத்துலதான் நீங்க மெம்பரா இருக்கணும், நான் சங்கம்னு மதிக்கிறது அதைத்தான்.

மாணவரா இருக்கும்போதே எதுல சேரலாம்?

சர்வதேச வன மாணவர் சங்கம்னு ஒண்ணு இருக்கு, ஐ.எஃப்.எஸ்.ஏ.ன்னு சொல்லுவாங்க, மாணவர்களே நடத்துறது. காலேஜ்ல ஒரு குழுவா சேர்ந்து அதுல இணையலாம், உங்க காலேஜ்ல ஏற்கெனவே இருக்கான்னு சீனியர்கிட்ட கேளுங்க. காமன்வெல்த் ஃபாரஸ்ட்ரி அசோசியேஷன், 1921ல தொடங்குனது, அதுலயும் இளைஞர்களுக்கு இடம் உண்டு. ஆனா மொதல்ல காலேஜ் லைப்ரரில 'இந்தியன் ஃபாரஸ்டர்' பழைய இதழ்கள ஒரு மாசம் உக்காந்து படிங்க, காசு செலவு இல்ல. யார் எந்த மரத்தப் பத்தி எந்த ஊர்ல வேலை பாக்குறாங்கன்னு ஒரு வரைபடமே மனசுல வந்துரும், அதுக்கப்புறம் எந்தச் சங்கம் உங்களுக்குன்னு நீங்களே சொல்லிருவீங்க.

வேலையில இருக்கேன். மண், தண்ணி, வேளாண் காடுன்னு என் பிரிவுக்கு எது?

மண்ணுன்னா இந்திய மண்ணறிவியல் சங்கம், 1934ல இருந்து இருக்கு. மண் அரிப்பு, நீர்ப்பிடிப்பு வேலைன்னா டேராடூன்ல மண் நீர்ப் பாதுகாப்பாளர்களுக்குன்னு ஒரு சங்கம். வேளாண் காடு வளர்ப்புக்கு ஜான்சில இருக்கிற இந்திய வேளாண் காடு வளர்ப்புச் சங்கம், மேய்ச்சல் நிலத்துக்கும் ஜான்சிலயே ஒண்ணு உண்டு. காட்டுயிர், பறவைன்னா 1883ல தொடங்குன பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கம், இதுல சேர நீங்க விஞ்ஞானியா இருக்கணும்னு இல்ல, ஆர்வம் இருந்தா போதும்.

ஐ.யு.எஃப்.ஆர்.ஓ.ன்னு உலக வன ஆராய்ச்சி அமைப்புகளோட ஒன்றியம் இருக்கு, 1892ல தொடங்குனது, தலைமையிடம் வியன்னா. அதுல முக்கியமா நிறுவனங்கள்தான் மெம்பர். உங்க நிறுவனம் மெம்பரா இருந்தா நீங்க அதோட குழுக்கள்ல தாராளமா வேலை செய்யலாம். இது தெரியாம நிறையப் பேரு தனியா காசு கட்டணுமோன்னு விட்டுர்றாங்க.

சந்தா எவ்வளவு ஆகும்?

ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி, அடிக்கடி மாறும். மாணவர் சந்தா, வருஷ சந்தா, ஆயுள் சந்தான்னு பெரும்பாலும் மூணா பிரிச்சிருப்பாங்க. மொத வருஷமே ஆயுள் சந்தா கட்டாதீங்க. ஒரு வருஷம் இருந்து பாருங்க, ஒரு கூட்டத்துக்காவது போங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

"சர்வதேச விருது, ஃபெல்லோ பட்டம்"னு மெயில் வருது, நம்பலாமா?

இதுக்கு நான் ஏமாந்திருக்கேன். பேர் பெருசு, 'இன்டர்நேஷனல்' எல்லாம் இருந்துச்சு, உங்க சேவையப் பாராட்டி ஃபெல்லோ ஆக்குறோம்னு எழுதியிருந்தாங்க, பதிவுக் கட்டணம்னு சில ஆயிரம் கேட்டாங்க, கட்டினேன். தங்க எழுத்துல சர்டிபிகேட் வந்துச்சு, அம்மா அத ஃப்ரேம் போட்டு மாட்டுனாங்க. அடுத்த வருஷம் ஒரு இன்டர்வியூல அந்த வரியப் பாத்துட்டு பேனல்ல இருந்த மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, "இந்த சொசைட்டியோட கடைசிப் பொதுக்குழு எங்க நடந்துச்சு?" எனக்குப் பதில் இல்ல. அப்படி ஒரு கூட்டமே நடக்கலன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து அந்த ஃப்ரேம கழட்டுறப்ப அம்மா ஏன்னு கேட்டாங்க, அதுக்குப் பதில் சொன்னதுதான் அந்த ஆயிரங்கள விட வலிச்சுது.

அந்த மேடம் கேட்ட கேள்வியையே நீங்களும் மொதல்ல கேளுங்க. பொதுக்குழு கூடுதா, நிர்வாகிகள தேர்தல் வச்சு எடுக்குறாங்களா, வரவு செலவு வருஷா வருஷம் மெம்பருக்குக் காட்டுறாங்களா, பத்திரிகை சொன்ன மாசத்துல வருதா, பதிவு எண் என்ன. நல்ல சங்கம் இத மறைக்காது. நீங்க கேக்காமலேயே உங்களத் தேடி வந்து பட்டம் குடுக்குற இடத்த விட்டு விலகிருங்க.

வனத்துறையில கார்டா இருக்கேன், ஊழியர் சங்கத்துல இருக்கேன், அது போதாதா?

உங்க உரிமைக்கு அது வேணும், கண்டிப்பா இருங்க. ராத்திரி யானை விரட்டப் போறவருக்கு டார்ச்சும் பூட்ஸும் இன்சூரன்ஸும் கேக்க அந்தச் சங்கம்தான் இருக்கு. ஆனா கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், அதுல எந்த ஓடைப் பக்கம் எந்த மாசம் என்ன பூக்குதுன்னு உங்க அளவுக்கு எந்தப் புரொபசருக்கும் தெரியாது. அத எழுதி வைக்கணும்னா, நாலு பேருக்குச் சொல்லணும்னா அறிவியல் சங்கம் பக்கமும் ஒரு கால் வைங்க. வாட்சர், கார்டு எழுதுன குறிப்புகள் இன்னும் நிறைய வெளிய வரணும், அது வராம போறதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒன்றரை ஏக்கர் ரப்பர்தான் இருக்கு. எனக்கும் சங்கமா?

உங்களுக்குத்தான் ரொம்ப அவசியம். ரப்பர் போர்டு 1947 சட்டத்துல வந்தது, தலைமை கோட்டயம். 1986ல இருந்து போர்டு சின்ன விவசாயிங்களச் சேத்து ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள உருவாக்க ஆரம்பிச்சுது, ஆர்.பி.எஸ்.னு சொல்றோம்ல அதுதான். இந்தியாவுல ரப்பர் வச்சிருக்கவங்கள்ல பெரும்பகுதி சின்ன விவசாயிங்கதான். தனித்தனியா ஷீட் அடிச்சு, அடுப்படிக்கு மேல தொங்கவிட்டு, பாதி ஈரத்தோட கடைக்குக் கொண்டுபோனா கடைக்காரர் வெளிச்சத்துல தூக்கிப் பாப்பார், உள்ள வெள்ளைப் புள்ளி தெரியும், கிரேடு இல்லன்னு வெலய கொறச்சிருவார். சங்கத்துக்குப் பொதுவான ரோலரும் புகைக்கூடும் இருந்தா எல்லார் பாலும் ஒரே தரத்துல ஷீட் ஆகும், ஆர்.எஸ்.எஸ். 4ன்னு (ரிப்டு ஸ்மோக்டு ஷீட், புகை போட்ட ஷீட்டோட தரம்) கிரேடு சொல்லி விக்கலாம். மழைத்தண்ணி வெட்டுன இடத்துல படாம மரத்துல ஒட்டுற ரெயின் கார்டு பிளாஸ்டிக்கும் பசையும் மழைக்கு முன்னாடியே மொத்தமா வாங்குனா வெலையும் கொறையும்.

இன்னொண்ணு, மரம் பால் வெட்டுக்கு ஆயிருச்சான்னு பாக்க நம்மாளுங்க வயசு மட்டும் பாக்குறாங்க. ஒட்டு மரத்துல ஒட்டுன இடத்துல இருந்து 125 சென்டிமீட்டர் உயரத்துல சுத்தளவு 50 சென்டிமீட்டர் வரணும், தோட்டத்துல நூத்துக்கு எழுபது மரம் அந்த அளவுக்கு வந்தப்புறம்தான் கத்தி வைக்கணும். அவசரப்பட்டு வச்சா மரம் வளர்ச்சி நின்னுரும். எங்க வீட்ல ஒரு வரிசை அப்படி ஆச்சு, அந்த மரங்க இன்னைக்கும் மத்ததவிட மெலிஞ்சுதான் நிக்குது. அப்பா அப்ப எந்தச் சங்கத்துலயும் இல்ல, சொல்றதுக்கு ஆளில்ல.

நான் பால் வெட்டுற தொழிலாளி. விளை எனக்குச் சொந்தம் இல்ல. எனக்கு என்ன?

இந்த மாவட்டத்துல இருக்கிற நுணுக்கமான கைத்தொழில்கள்ல உங்களோடதும் ஒண்ணு. பட்டைக்குள்ள பால் குழாய்கள் இருக்கு, அதுக்கு உள்ள கேம்பியம்னு மரத்தோட வளர்ச்சிப் படலம். கத்தி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடி நிக்கணும். நின்னா பால் நல்லா வரும், தாண்டிப் பட்டுச்சுன்னா மரத்துல கட்டி கட்டியா முண்டு வந்து அந்தப் பட்டை அடுத்த தடவை வெட்டுக்கு ஆகாது. விடியுறதுக்கு முன்னாடி ஹெட்லைட் வெளிச்சத்துல நூத்துக்கணக்கான மரத்துல இத பண்றவங்க நீங்க. தொழிற்சங்கத்துல இருங்க, கூலிக்கு அது வேணும். ரப்பர் போர்டு பால் வெட்டுப் பயிற்சி நடத்துது, அதுலயும் போங்க, சான்றிதழ் கேட்டு வாங்கிக்குங்க. நம்ம ஊர்ல பெண்கள் நிறையப் பேரு இந்த வேலையில இருக்காங்க, ஆனா ஆர்.பி.எஸ். கூட்டத்துக்குப் போனா நாற்காலில ஆம்பளைங்கதான் உக்காந்திருக்காங்க. இது மாறணும்.

தேன் பெட்டி வச்சிருக்கோம். மார்த்தாண்டம் சங்கத்தப் பத்தி சொல்லுங்க.

சங்கம்னா என்னன்னு நம்ம மாவட்டத்துக்குக் கத்துக் குடுத்ததே தேன்காரங்கதான். 1920கள்ல மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. ஊர்ப்புற வேலை தொடங்குனப்ப ஏழை வீடுகளுக்கு ஒரு சைடு வருமானமா மரப்பெட்டில தேனீ வளர்ப்பக் கொண்டு வந்தாங்க. அதுல இருந்து கூட்டுறவு வந்துச்சு, மார்த்தாண்டம் தேன்னு பேர் வந்துச்சு, 2023ல புவிசார் குறியீடும் கெடச்சுது.

இதுல ரப்பருக்கும் தேனுக்கும் இருக்கிற உறவுதான் அழகு. டிசம்பர், ஜனவரில ரப்பர் இலை உதிரும், அப்புறம் செம்பு நெறத்துல தளிர் வரும், அந்தத் தளிர்ல மூணு இலையும் காம்போட சேர்ற இடத்துல சின்னச் சின்ன சுரப்பி இருக்கு. தேன் பூவுல இருந்து வரல, அந்த இலைக்காம்புல இருந்து வருது. காலையில ஒரு தளிரப் பிடிச்சுப் பாருங்க, விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும். மார்ச் வரைக்கும் அதுதான் நமக்கு அறுவடைக் காலம். ஒரு விளைக்காரர் அந்த நேரத்துல கண்ட மருந்தையும் அடிச்சா பக்கத்து விளை தேன்பெட்டிக்காரர் அழிஞ்சுருவார். அதனால ரப்பர் சங்கமும் தேன் சங்கமும் வருஷத்துல ஒருக்காவது ஒண்ணா உக்காரணும்னு நான் போற எடத்துலலாம் சொல்லிட்டு இருக்கேன்.

1990களோட தொடக்கத்துல 'தாய் சேக்புரூட்'னு (தாய்லாந்துப் பேர்ல சொல்றது) வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவுல இந்தியத் தேனீக் கூடுகள் பெரும்பகுதி அழிஞ்சுது. புழுவு பை மாதிரி ஊதி செத்துரும். அப்ப பெட்டிய அடுக்கி வச்சுட்டு வேற வேலைக்குப் போனவங்க நிறைய. பிழைச்ச கூட்டத்தப் பிரிச்சுப் பிரிச்சு, ஒருத்தருக்கொருத்தர் குடுத்துதான் இந்தத் தொழில் திரும்ப எழும்பிச்சு.

காணி மக்களுக்கு இதுல என்ன இருக்கு?

காணின்னா நம்ம மலையில இருக்கிற பழங்குடி மக்கள். இத கொஞ்சம் விரிவாவே சொல்லணும். அகத்தியமலை கேரளப் பக்கத்துல 1987ல திருவனந்தபுரம் பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிங்க காட்டுக்குள்ள போனப்ப, வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஒரு செடியோட சின்னக் காய அப்பப்ப வாயில போட்டுட்டு சோர்வே இல்லாம நடந்தாங்க. விஞ்ஞானிங்க களைச்சு உக்காந்துட்டாங்க. கேட்டதுக்கு மொதல்ல சொல்ல மனசில்ல, அது அவங்களுக்குள்ள காத்து வச்ச விஷயம். அப்புறம் சொன்னாங்க. அதுதான் ஆரோக்கியபச்சை. அதுல இருந்து 'ஜீவனி'ன்னு மருந்து செஞ்சாங்க, தயாரிக்கிற உரிமைய 10 லட்ச ரூபாய்க்கும் விற்பனையில 2 சதவீத ராயல்டிக்கும் ஒரு கம்பெனிக்குக் குடுத்தாங்க, அதுல பாதி காணி மக்களுக்குன்னு முடிவு.

ஆனா அந்தப் பாதிய யார் கையில குடுக்குறது? வாங்குறதுக்கு ஒரு அமைப்பு இல்ல. 1997ல ஒரு அறக்கட்டளை பதிஞ்சதுக்கு அப்புறம்தான் பணம் போய்ச் சேர வழி பிறந்துச்சு. அதுலயும் எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கலந்து பேசலன்னு வருத்தம் இருந்துச்சு. அந்த அறக்கட்டளை கேரளத்துக் காணி மக்களுக்கானது. அதே மலை, அதே மக்கள், பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் இருக்கிற நம்ம காணி மக்கள் மருந்துச் செடி பத்தி யாராவது கேட்டு வந்தா தனி ஆளா பதில் சொல்ல வேண்டாம். உள்ளாட்சில உயிரினப் பன்மை மேலாண்மைக் குழு இருக்கணும்னு 2002 சட்டம் சொல்லுது, ஊர்ல இருக்கிற உயிரினங்களையும் அதைப் பத்தின அறிவையும் குறிச்சு வைக்கிற மக்கள் பன்மைப் பதிவேடு எழுதணும், அதுல என்ன எழுதலாம் எத எழுத வேண்டாம்னு முடிவு பண்ற உரிமை உங்களுக்கு வேணும்னு கேளுங்க.

நிலத்துக்கும் சிறு வன மகசூலுக்கும் 2006 வன உரிமைச் சட்டம். கிராம சபை கூடி 10லிருந்து 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவ தேர்ந்தெடுக்கணும், அதுல மூணுல ரெண்டு பங்கு பழங்குடியினர், மூணுல ஒரு பங்காவது பெண்கள். யாராவது பட்டியலோட வந்து "கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னா போடாதீங்க, தேர்ந்தெடுக்கிறது சபையோட வேலை.

பட்டா நிலத்து மரம் வெட்ட அனுமதிக்கு சங்கம் உதவுமா?

சங்கம் அனுமதி வாங்கித் தராது, வழிய சொல்லும். நம்ம மலையோரக் கிராமங்கள்ல 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம்னு ரெண்டு இருக்கு. உங்க சர்வே நம்பர் அறிவிக்கப்பட்ட பட்டியல்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க. இருந்தா மாவட்டக் குழு அனுமதி இல்லாம கோடாலி வைக்கக் கூடாது. வெட்டிட்டுப் பேசிக்கலாம்னு யாரும் சொன்னா கேக்காதீங்க.

குளம், பறவைன்னு ஆர்வம், படிப்பு வேற. சேரலாமா?

தாராளமா. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்துச்சு, ரெண்டும் நம்ம மாவட்டம். ஜனவரில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு வாங்க, இல்லன்னா கூட இருக்கவங்ககிட்ட வாங்கிப் பாக்கலாம். திருநெல்வேலிப் பக்கம் 2011ல இருந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, ஊர் ஆளுங்க சேர்ந்து பண்றது, அதுல ஒரு தடவ போய்ட்டு வந்தா நம்ம குளத்துல எப்படிப் பண்ணலாம்னு தெரிஞ்சுரும். அசோலா (தண்ணில வளக்குற தீவனச் செடி), சாண எரிவாயு, மண்புழு உரம்னு வீட்டளவுல கத்துக்க கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தோட இயற்கை வளத் திட்டம் பயிற்சி குடுக்குது.

இங்கிலீஷ் தெரியாது. அறிவியல் சங்கத்துல போய் என்ன பேச?

இது நிஜமான தடை, இல்லன்னு சொல்ல மாட்டேன். பத்திரிகை, மாநாடு எல்லாமே இங்கிலீஷ்ல. ஆனா பயிற்சிக் கூட்டம், களப் பயணம் எல்லாம் தமிழ்ல நடக்கும். எனக்குக் கயிறு சுத்திக் காட்டினவரும் தமிழ்லதான் சொன்னார். கூட்டத்துல "தமிழ்ல சொல்லுங்க சார்"னு ஒருத்தர் எந்திரிச்சா பின்னாடி இருக்கிற முப்பது பேருக்கும் உதவும்.

நாங்களே ஒரு சங்கம் தொடங்கலாமா?

தொடங்குங்க. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல ஏழு பேர் போதும், பின்சோட்டும் ஏழு பேரோடதான் தொடங்கினார். நோக்கம், விதிமுறை, ஏழு பேர் கையெழுத்து, முகவரிச் சான்று எடுத்துட்டு மாவட்டப் பதிவாளர் ஆபீஸுக்குப் போகணும். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி கணக்கத் தாக்கல் பண்ணணும், நிறைய ஊர்ச் சங்கங்க இந்த எடத்துலதான் படுத்துரும். பொருள் வாங்கி விக்கணும்னா இது சரிப்படாது, உற்பத்தியாளர் கம்பெனி பாருங்க, அதுக்குப் பத்து உற்பத்தியாளர் வேணும், இல்லன்னா கூட்டுறவு.

விதிமுறை எழுதுறப்ப ஒண்ணு சேருங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு மெம்பரோட விளையிலயோ காட்டுலயோ நாத்துப் பண்ணையிலயோ போய் நிக்கணும், அவர் செஞ்சத மத்தவங்க பாக்கணும், பாத்தத சொல்லணும், அத மினிட்ஸ் புக்குல எழுதணும். நாங்க ஒரு சின்னக் குழுவா இப்படித்தான் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போறோம், போன தடவை எங்க வீட்டு விளைதான், அந்த மெலிஞ்ச வரிசைய எல்லாருக்கும் காட்டினேன், அப்பாவே முன்னால நின்னு எந்த வருஷம் கத்தி வச்சோம்னு சொன்னார், ஒரு பிள்ளை டேப்ப எடுத்து மேட்டுப் பக்கமாப் போய் நின்னு அளந்துச்சு.